பிக்வா ஊர் வக்கீல் உக்காந்த கமிட்டியில இப்ப உக்காந்திருக்கிறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்க பிரதிநிதிகள் சபையோட ஜுடிசியரி கமிட்டி உறுப்பினர்கள் எல்லாருக்கும், ரிப்பப்ளிக்கன் டெமாக்ரட்னு பிரிக்காம மொத்த பேருக்கும், வணக்கம்.

நான் ஓஹியோவுல குடியிருக்கிற ஆளு, குடியுரிமை வாங்கி இங்கயே ஓட்டுப் போடுறவன். உங்க தொகுதிகள்ல தமிழ் பேசுற வாக்காளருங்களும் இருக்காங்க, அவங்களும் இதைப் படிச்சிட்டு உங்க ஆபிசுக்கு போன் போடணும்ங்கிறதுக்காகத்தான் தமிழ்லயே எழுதுறேன். விஷயத்தை முதல்லயே சொல்லிடுறேன். கறுப்பின மக்களோட ஓட்டுரிமையைப் பாதுகாக்க 1965ல வந்த வாக்குரிமை சட்டத்துலேர்ந்து ஒரு முக்கியமான பகுதிய 2013ல சுப்ரீம் கோர்ட் எடுத்துப் போட்டுச்சு, அதுக்குப் பதிலா புதுசா ஒண்ணை எழுத வேண்டிய இடம் உங்க கமிட்டி, இன்னும் எழுதலை. அதை எழுதுங்கன்னு கேக்கத்தான் இந்த மடல். ஆனா அதைக் கேக்கறதுக்கு உங்க கமிட்டியிலயே 1959லேர்ந்து 1973 ஜனவரி வரைக்கும் ரிப்பப்ளிக்கன் தரப்போட மூத்த உறுப்பினரா இருந்த ஒரு மனுஷனைப் பத்தி நான் பேசியாகணும். வில்லியம் மெக்கல்லக். இந்தப் பேரை ஓஹியோவுலயே நிறைய பேருக்குத் தெரியாது, எனக்கு அது ரொம்ப வருத்தமான விஷயம்.

1901ல ஓஹியோவோட ஹோம்ஸ் கவுன்ட்டியில ஹோம்ஸ்வில்னு ஒரு சின்ன ஊர் பக்கத்துல பொறந்தவர். வூஸ்டர் காலேஜ், அப்புறம் ஓஹியோ ஸ்டேட்ல 1925ல சட்டப் படிப்பு. படிச்சு முடிச்ச கையோட வேலைக்குப் போனது எங்கன்னா ஃப்ளோரிடாவுல ஜாக்சன்வில். அந்தக் காலத்து தெற்கு மாநிலம் எப்படின்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, பள்ளிக்கூடம் தனி, ரயில் பெட்டி தனி, தண்ணி குடிக்கிற குழாய் கூட தனி, கறுப்பினத்தவர் ஓட்டுப் போடப் போனா அதுக்கு ஆயிரம் தடை. இருபத்தஞ்சு வயசு கூட ஆகாத ஒரு வெள்ளைக்கார வக்கீல் அதையெல்லாம் நேர்ல பாத்தாரு. கொஞ்ச காலத்துலயே திரும்பி வந்து டேட்டனுக்கு வடக்க கிரேட் மயாமி ஆத்தங்கரையில இருக்கிற பிக்வாங்கிற ஊர்ல வக்கீலா உக்காந்துட்டாரு, கடைசி வரைக்கும் அதுதான் அவரோட ஊர்.

1933ல ஓஹியோ சட்டசபைக்குப் போயி அங்க சபாநாயகர் வரைக்கும் வந்தாரு. நடுவுல ரெண்டாம் உலகப் போர், நாப்பது வயசு தாண்டின ஆளு, சபாநாயகர் வேற, ஒதுங்கிக்க எல்லா சாக்கும் இருந்துச்சு, இருந்தும் 1943 கடைசியில ராணுவத்துல சேந்து 1945 வரைக்கும் இருந்தாரு. 1947 நவம்பர்ல இடைத்தேர்தல்ல ஜெயிச்சு ஓஹியோவோட நாலாவது தொகுதிக்காக காங்கிரசுக்கு வந்தாரு. அதுக்கப்புறம் 12 தேர்தல், 12லயும் ஜெயிச்சாரு.

இதுல நீங்க கவனிக்க வேண்டியது அந்தத் தொகுதி. விவசாயமும் சின்னச் சின்ன ஃபேக்டரி ஊர்களும் நிறைஞ்ச பூமி, பழமைவாத ரிப்பப்ளிக்கன் கோட்டை. கறுப்பின மக்கள் நூத்துக்கு மூணு பேர் கூட கிடையாது. மெக்கல்லக்கும் அந்த மண்ணுக்கேத்த ஆளுதான், அரசாங்கம் ஒரு டாலர் செலவு பண்றதுக்கு முன்னாடி பத்து தடவை யோசிக்கணும்னு நினைக்கிறவர், தன்னோட ஆபிஸ் செலவுக்குக் குடுத்த பணத்துல மிச்சத்தைக் கஜானாவுக்கே திருப்பிக் கட்டினவர். சிவில் ரைட்ஸ்காக, அதாவது கறுப்பின மக்களோட சம உரிமைக்காக, நிக்கிறதால அவருக்கு ஊர்ல ஒரு ஓட்டு கூட அதிகமா கிடைக்காது, போகத்தான் வாய்ப்பு. அப்படியும் அவர் நின்னாரு. இன்னைக்கு உங்கள்ல யாரைக் கேட்டாலும் என் தொகுதி மக்கள் இதைக் கேக்கலையேன்னு சொல்றீங்க இல்லையா, மெக்கல்லக்கோட தொகுதி மக்களும் அவர்கிட்ட இதைக் கேக்கலை.

1957லயும் 1960லயும் சிவில் ரைட்ஸ் மசோதாவை பிரதிநிதிகள் சபை நிறைவேத்துச்சு, ஆனா செனட்டுக்குப் போனதும் தெற்கு மாநில செனட்டருங்களை சமாதானப்படுத்தறோம்னு சொல்லி உயிரான பகுதியை எல்லாம் உருவி எடுத்துட்டாங்க. 1957ல செனட் டெமாக்ரட் தலைவரா இருந்து அந்த பேரத்தை நடத்தினவர் லிண்டன் ஜான்சன். இந்தப் பக்கம் மெக்கல்லக் மாதிரி ஆளுங்க சொந்த ஊர்ல கெட்ட பேர் வாங்கி ஓட்டுப் போட்டுட்டு, கடைசியில கையில கிடைச்சது வெறும் கூடு. அந்தக் கோவம் அவருக்குள்ள இருந்துச்சு, அந்தக் கோவம்தான் பின்னாடி நாட்டுக்கே உதவுச்சு.

1963. மே மாசம் அலபாமாவோட பர்மிங்காம்ல, சம உரிமை கேட்டு ஊர்வலம் போன சின்னப் பசங்க மேல போலீஸ் நாயை ஏவி விட்டதையும் தண்ணியப் பீச்சி அடிச்சதையும் உலகமே பாத்துச்சு. ஜூன் 11 ராத்திரி ஜனாதிபதி கென்னடி சிவில் ரைட்ஸ் சட்டம் வேணும்னு டிவியில பேசினாரு, அது முடிஞ்சு சில மணி நேரத்துல மிசிசிப்பியில கறுப்பின உரிமைக்காகப் போராடின மெட்கர் எவர்சை அவரோட வீட்டு வாசல்ல சுட்டுக் கொன்னாங்க. ஜூன் 19 மசோதா காங்கிரசுக்கு வந்துச்சு. ஆனா கென்னடியோட கட்சியிலயே தெற்கு மாநிலக்காரங்க மொத்தமா எதிர்ப்பு, ரிப்பப்ளிக்கன் ஓட்டு இல்லாம சபையில ஒரு அடி நகர முடியாது, அந்த ஓட்டு எல்லாம் மெக்கல்லக் என்ன சொல்றாருன்னு பாத்துக்கிட்டு இருந்துச்சு. ஏன்னா கென்னடி மசோதா கொண்டு வர்றதுக்கு மாசக்கணக்குல முன்னாடியே, அதே வருஷம் ஜனவரியிலயே, அவர் தானே ஒரு சிவில் ரைட்ஸ் மசோதா போட்டிருந்தாரு.

அதனால ஜூலை 2ஆம் தேதி கென்னடி அரசாங்கத்தோட உதவி அட்டர்னி ஜெனரல் பர்க் மார்ஷல் ப்ளேன் ஏறி டேட்டன் வந்து அங்கேர்ந்து பிக்வாவுக்கு வந்தாரு. வெள்ளை மாளிகை ஒரு எதிர்க்கட்சி உறுப்பினரைத் தேடி அவரோட ஊருக்கே போச்சு, இதை இன்னைக்கு எந்த கட்சி ஜனாதிபதி செய்வாருன்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க. மெக்கல்லக் ரெண்டே நிபந்தனை வெச்சாரு. ஒண்ணு, சபையில நிறைவேறுற மசோதாவை செனட்ல விலை பேசக் கூடாது, அவர் சம்மதம் இல்லாம ஒரு பகுதியையும் விட்டுக் குடுக்கக் கூடாது. ரெண்டாவது, ஜெயிச்சா ரிப்பப்ளிக்கன்களுக்கும் சமமா பேர் குடுக்கணும். தனக்குன்னு எதுவும் கேக்கலை, பதவி கேக்கலை, தொகுதிக்கு ஒரு பாலமோ ரோடோ கேக்கலை. கென்னடி தரப்பு ஒத்துக்கிச்சு.

அதுக்கப்புறம் நடந்ததும் சுலபம் இல்ல. உங்க கமிட்டித் தலைவரா இருந்த ப்ரூக்ளின் டெமாக்ரட் இமானுவல் செல்லர், சப் கமிட்டியில மசோதாவை ரொம்பக் கடுமையா மாத்திட்டாரு. கேக்க நல்லா இருந்துச்சு, ஆனா சபையில தேறாது, அது தெரிஞ்சுதான் தெற்கு மாநில உறுப்பினர்கள் சிலபேர் அந்தக் கடுமையான வடிவத்துக்கே ஆதரவு குடுத்தாங்க, மொத்தமா கவுந்துடும்ங்கிற கணக்கு. மெக்கல்லக்குக்கு பயங்கர கோவம், பேச்சை மாத்திட்டீங்கன்னு. அவர் அப்பவே கைய உதறிட்டுப் போயிருக்கலாம், யாரும் குத்தம் சொல்லியிருக்க மாட்டாங்க. போகலை. அக்டோபர் 23 கென்னடி எல்லாரையும் வெள்ளை மாளிகைக்குக் கூப்பிட்டாரு, திரும்ப உக்காந்து எழுதினாங்க, சபை ரிப்பப்ளிக்கன் தலைவர் இண்டியானாவோட சார்லஸ் ஹாலெக்கையும் இழுத்துக்கிட்டு வந்தாங்க, அக்டோபர் 29 உங்க கமிட்டியில 23க்கு 11னு மசோதா தேறுச்சு. ஒரு மாசம் கூட ஆகலை, டல்லாஸ்ல கென்னடியைக் கொன்னுட்டாங்க.

ஒப்பந்தம் போட்ட ஆளே உயிரோட இல்ல. பதவிக்கு வந்தவர் யாருன்னா 1957ல விலை பேசின அதே லிண்டன் ஜான்சன். ஆனா இந்த தடவை ஜான்சன் மெக்கல்லக்குக்கு குடுத்த வாக்கை காப்பாத்தினாரு, அதுக்காக ஜான்சனையும் நான் மனசார மதிக்கிறேன். மசோதா எப்ப சபைக்கு வரணும்னு முடிவு பண்ற ரூல்ஸ் கமிட்டியில அதோட தலைவர், வர்ஜீனியாவோட ஹோவர்ட் ஸ்மித் மசோதாவை அமுக்கி வெக்கப் பாத்தாரு, முடியலை, 1964 ஜனவரி 30 அங்கேர்ந்து வெளியே வந்துச்சு. சபையில நூத்துக்கும் மேல திருத்தம் கொண்டு வந்தாங்க. செல்லர் ஒரு பக்கம், மெக்கல்லக் ஒரு பக்கம், நாள் பூரா எந்திரிச்சு எந்திரிச்சு ஒவ்வொண்ணுக்கும் பதில் சொல்லி மசோதாவைக் காப்பாத்துனாங்க. ஸ்மித் கொண்டு வந்த ஒரு திருத்தம் தேறுச்சு, வேலை இடத்துல பாலின பாகுபாட்டையும் தடை பண்ணணும்னு, அது இன்னைக்கு கோடிக்கணக்கான பெண்களுக்கு பாதுகாப்பா இருக்கு. பிப்ரவரி 10 ஓட்டெடுப்பு, 290க்கு 130. ஆதரிச்சதுல டெமாக்ரட் 152, ரிப்பப்ளிக்கன் 138. எதிர்த்த ரிப்பப்ளிக்கன்கள் 34 பேர்தான். இந்த 138ங்கிற நம்பரை உங்க கமிட்டி ரூம் சுவத்துல எழுதி வெக்கணும்னு எனக்கு ஆசை.

செனட்ல மாசக்கணக்கா ஃபிலிபஸ்டர், அதாவது ஓட்டெடுப்பு நடக்க விடாம பேசியே இழுத்தடிக்கிறது. அங்க இல்லினாய்ஸ் ரிப்பப்ளிக்கன் எவரட் டர்க்சன் தயவு இல்லாம எதுவும் நடக்காதுங்கிறதால வரலாறு எழுதுறவங்க அவரைப் பத்தி நிறைய எழுதுறாங்க, எழுதட்டும், அவருக்கும் அந்தப் பேர் சேர வேண்டியதுதான். ஆனா டர்க்சன் கேட்ட ஒவ்வொரு மாத்தமும் மெக்கல்லக் ஒத்துக்கிற அளவுக்குள்ளதான் இருந்தாகணும், ஏன்னா பிக்வாவுல குடுத்த வாக்கு அப்படி. ஜூன் 10 ஃபிலிபஸ்டரை 71க்கு 29ல முறிச்சாங்க, ஜூன் 19 செனட்ல தேறுச்சு, ஜூலை 2 சபை ஒத்துக்கிச்சு, அன்னைக்கே ஜான்சன் கையெழுத்துப் போட்டாரு. பர்க் மார்ஷல் பிக்வாவுக்கு வந்துட்டுப் போயி சரியா ஒரு வருஷம்.

அந்த சட்டத்துல வேலை விஷயத்துல இனம், நிறம், மதம், பாலினம் இதுகூட எந்த நாட்டுலேர்ந்து வந்தவங்கிறதையும் வெச்சு பாகுபாடு பாக்கக் கூடாதுன்னு இருக்கு. அடுத்த வருஷம் 1965ல உங்க கமிட்டி வழியாவே வந்த குடியேற்றச் சட்டம், செல்லர் பேரைத் தாங்கின அந்தச் சட்டம், எந்த நாட்டுலேர்ந்து எத்தனை பேர் வரலாம்னு இருந்த பழைய கோட்டாவைத் தூக்கினதாலதான் எங்க மக்கள் இந்த அளவுக்கு இந்த நாட்டுக்கு வர முடிஞ்சது. இங்க ஆபிஸ்லயும் ஆஸ்பத்திரியிலயும் யுனிவர்சிட்டியிலயும் தலை நிமிந்து வேலை பாக்கிற ஒவ்வொரு தமிழனும் அந்த ரெண்டு சட்டத்துக்கும் கடன்பட்டவன். அதுக்காக அடி வாங்கினது தெற்கு மாநிலத்து கறுப்பின மக்கள். பர்மிங்காம் சர்ச்சுல குண்டு வெடிச்சு செத்தது நாலு சின்னப் பொண்ணுங்க. அவங்க குடுத்த விலையில நாங்க உள்ள வந்தோம், அதனாலதான் வாக்குரிமை சட்டம் எங்க பிரச்சினை இல்லன்னு எங்களால சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது.

இப்ப வாக்குரிமை சட்டத்துக்கு வரேன், இங்கதான் மெக்கல்லக் மேல எனக்கு இருக்கிற மரியாதை இன்னும் கூடுது. 1965ல ஜான்சன் கொண்டு வந்த மசோதா அவருக்கு அப்படியே பிடிக்கலை. ஒரு சூத்திரத்தை வெச்சு சில மாநிலங்களை மொத்தமா பிடிக்கிறதுக்கு பதிலா, புகார் வர்ற இடத்துக்கு மத்திய அதிகாரிகளை அனுப்பலாம்னு அவரும் அப்ப சபை ரிப்பப்ளிக்கன் தலைவரா இருந்த ஜெரால்ட் ஃபோர்டும் சேந்து வேற ஒரு மசோதா வெச்சாங்க. அதுக்கு நிறைய ரிப்பப்ளிக்கன் ஆதரவு இருந்துச்சு. அந்த நேரத்துல வர்ஜீனியா டெமாக்ரட் உறுப்பினர் வில்லியம் டக் எந்திரிச்சு, தெற்கு மாநிலக்காரங்க எல்லாம் இந்த மசோதாவுக்கே ஓட்டுப் போடுங்க, ரெண்டுல இதுதான் நமக்கு வலி கம்மிங்கிற மாதிரி வெளிப்படையாவே பேசிட்டாரு. அதோட அந்த மாற்று மசோதா 166க்கு 215ன்னு தோத்துச்சு. மெக்கல்லக் கோவிச்சுக்கிட்டு ஒதுங்கலை, தன்னோடது தோத்ததும் ஜான்சனோட மசோதாவுக்கு ஆதரவா ஓட்டுப் போட்டாரு, 333க்கு 85ல அது தேறுச்சு.

அப்புறம் அவர் அந்தச் சட்டம் என்ன பண்ணுதுன்னு பாத்தாரு. மிசிசிப்பியில வாக்காளர் பட்டியல்ல பதிவான கறுப்பின மக்கள் சட்டத்துக்கு முன்னாடி 6.7 சதவீதம், 1967ல கிட்டத்தட்ட 60 சதவீதம். அதே காலத்துல இனக் கலவரத்துல நகரங்கள் பத்தி எரிஞ்சப்ப ஜான்சன் அமைச்ச கெர்னர் கமிஷன்லயும் இவர் ஒரு உறுப்பினர், நாடு கறுப்பு வெள்ளைன்னு ரெண்டு சமுதாயமா பிரிஞ்சுக்கிட்டு இருக்குன்னு 1968ல எச்சரிச்ச அந்த ரிப்போர்ட்ல பிக்வா வக்கீலோட கையெழுத்தும் இருக்கு.

1969ல வாக்குரிமை சட்டத்தை நீட்டிக்க வேண்டிய நேரம் வந்துச்சு. இப்ப ஜனாதிபதி அவரோட சொந்தக் கட்சிக்காரர், நிக்சன். அட்டர்னி ஜெனரல் ஜான் மிட்செல் ஒரு மசோதாவோட வந்தாரு, அதுல ஐந்தாவது பிரிவுக்கு வேட்டு. ஐந்தாவது பிரிவுன்னா, பாகுபாடு பாத்த வரலாறு இருக்கிற மாநிலங்கள் தேர்தல் விதியில ஒரு சின்ன மாத்தம் பண்ணணும்னாலும் முன்கூட்டியே மத்திய அரசு கிட்டயோ வாஷிங்டன் கோர்ட்டு கிட்டயோ அனுமதி வாங்கணும். அநியாயம் நடந்து தேர்தலும் முடிஞ்சு அப்புறம் வருஷக்கணக்கா கேஸ் நடத்துறதை விட, நடக்கறதுக்கு முன்னாடியே தடுக்கிற ஏற்பாடு. சொந்தக் கட்சி ஜனாதிபதியோட மசோதாவை உங்க கமிட்டியில எதிர்த்தவர் மெக்கல்லக். தப்பே நடக்காத இடத்துக்கு மருந்து குடுக்கறீங்க, பெரிய தப்பு நடக்கிற இடத்துல இருக்கிற மருந்தைப் பிடுங்கறீங்கங்கிறதுதான் அவரோட வாதம். நாலு வருஷம் முன்னாடி அவரே சந்தேகப்பட்ட சட்டத்துக்காக, அது வேலை செய்யறதைக் கண்ணால பாத்த பிறகு, சொந்தக் கட்சி தலைமையை எதிர்த்து நின்னாரு. சபையில நிக்சன் தரப்பு 208க்கு 203ன்னு மயிரிழையில ஜெயிச்சுது, ஆனா செனட் அதைத் திருத்தி ஐந்தாவது பிரிவைக் காப்பாத்துச்சு, 1970 ஜூன்ல நிக்சனே கையெழுத்துப் போட வேண்டியதாச்சு.

1971ல இனிமே தேர்தல்ல நிக்கலைன்னு அவர் அறிவிச்சப்ப, ஜாக்குலின் கென்னடி கைப்பட ஒரு கடிதம் எழுதினாங்க, 1960கள்ல வந்த சிவில் ரைட்ஸ் சட்டங்களுக்கு வேற யாரையும் விட நீங்கதான் காரணம்னு எனக்குத் தெரியும்ங்கிற அர்த்தத்துல. 1973 ஜனவரியில பதவி முடிஞ்சுது, 1980 பிப்ரவரி 22 காலமானாரு, ஆர்லிங்டன்ல அடக்கம் பண்ணியிருக்காங்க.

அவர் காப்பாத்தின அந்த ஐந்தாவது பிரிவுக்கு என்ன ஆச்சுன்னு உங்களுக்கு நல்லா தெரியும். 1975, 1982, 2006னு தொடர்ந்து நீட்டிச்சாங்க. 2006ல உங்க கமிட்டித் தலைவரா இருந்தவர் விஸ்கான்சின் ரிப்பப்ளிக்கன் ஜிம் சென்சன்ப்ரென்னர், அவர் முன்னால நின்னு நடத்தி 25 வருஷத்துக்கு நீட்டிச்சாரு, சபையில 390க்கு 33, செனட்ல 98க்கு பூஜ்யம். அதாவது ரெண்டு கட்சியும் சேந்து. அப்புறம் 2013 ஜூன் 25, ஷெல்பி கவுன்ட்டி வழக்குல அஞ்சுக்கு நாலுன்னு தீர்ப்பு, எந்தெந்த இடம் அனுமதி வாங்கணும்னு சொல்ற நாலாவது பிரிவோட சூத்திரம் பழசாயிடுச்சு, செல்லாதுன்னு. ஐந்தாவது பிரிவு புத்தகத்துல அப்படியே இருக்கு, ஆனா யாருக்கும் பொருந்தாது. தீர்ப்பு வந்த அன்னைக்கே டெக்சாஸ் அதுவரைக்கும் தடுத்து வெச்சிருந்த வோட்டர் ஐடி சட்டத்தை அமலுக்குக் கொண்டு வரோம்னு சொல்லிடுச்சு.

அதே தீர்ப்புல, இன்னைக்கு நிலைமைக்கு ஏத்த மாதிரி காங்கிரஸ் புது சூத்திரம் எழுதலாம்னும் இருக்கு. கதவை மூடலை. எழுத வேண்டியவங்க நீங்க. 2021 ஆகஸ்ட்ல, சிவில் ரைட்ஸ் போராளியும் சபை உறுப்பினருமா இருந்த ஜான் லூயிஸ் பேர்ல, புது சூத்திரத்தோட ஒரு மசோதா சபையில 219க்கு 212ன்னு தேறுச்சு, ரிப்பப்ளிக்கன் ஓட்டு ஒண்ணு கூட இல்ல, செனட்ல நின்னு போச்சு. 1964ல 138, 2021ல பூஜ்யம். ரிப்பப்ளிக்கன் உறுப்பினர்களே, இந்த ரெண்டு நம்பரும் உங்க கட்சியோட நம்பர்தான். மாநிலங்கள் மேல மத்திய அரசு ஏறி உக்காரக் கூடாதுன்னு உங்களுக்கு இருக்கிற கவலையை நான் தப்பா சொல்லலை, மெக்கல்லக்குக்கும் அதே கவலை இருந்துச்சு, அதனாலதான் 1965ல அவர் வேற மசோதா எழுதினாரு. அவர் மாதிரியே நீங்களும் உங்க சூத்திரத்தை எழுதிக் கொண்டு வாங்க, மேசையில வைங்க. 2013லேர்ந்து உங்க பக்கத்துலேர்ந்து அப்படி பெருசா யாரும் முன்னால வரலை, 2014ல சென்சன்ப்ரென்னர் ஒருத்தர் டெமாக்ரட் உறுப்பினர் ஜான் கானியர்சோட சேந்து ஒரு மசோதா போட்டாரு, அதுக்கு சபையில ஓட்டெடுப்பு கூட நடத்த விடலை.

டெமாக்ரட் உறுப்பினர்களே, உங்ககிட்டயும் கேக்கறேன். எதிர்க்கட்சிக்கு சமமா பேர் குடுக்கறேன்னு ஒத்துக்கிட்டு ஊர் தேடிப் போனது உங்க கட்சி ஜனாதிபதியோட அரசாங்கம். தேறாதுன்னு தெரிஞ்ச மசோதாவை ஓட்டுக்கு விட்டு, தோத்ததும் அதை வெச்சு தேர்தல் நிதி திரட்டுறதை விட, எந்த ரிப்பப்ளிக்கன் ஆளு மனசு வெச்சா பத்து ஓட்டு வரும்னு கண்டுபிடிச்சு அவர் ஊருக்கு ப்ளேன் ஏறுங்க. அவருக்குப் பேர் போனா போகட்டும்.

என் கோரிக்கை இதுதான். ஒண்ணு, நாலாவது பிரிவுக்குப் புது சூத்திரம் எழுதறதுக்காக மட்டும் உங்க கமிட்டி பொது விசாரணை நடத்தணும், கடந்த வருஷங்கள்ல எந்த கவுன்ட்டியில வாக்குச்சாவடி மூடினாங்க, எங்க தொகுதி எல்லையை மாத்தினாங்க, எங்க பட்டியல்லேர்ந்து பேர் எடுத்தாங்கன்னு சாட்சிகளைக் கூப்பிட்டு பதிவு பண்ணணும், ஏன்னா இன்னைய நிலைமைக்கு ஆதாரம் காட்டுங்கன்னுதான் கோர்ட் கேட்டிருக்கு. ரெண்டாவது, அதை வெச்சு ரெண்டு கட்சி உறுப்பினரும் சேந்து கையெழுத்துப் போட்ட ஒரு மசோதாவை சபைக்கு அனுப்பணும். அது தேறுமா தேறாதாங்கிறதை சபை பாத்துக்கட்டும், உங்க கமிட்டியிலேர்ந்து அது வெளியே வரணும்.

இதைப் படிக்கிற நம்ம தமிழ் வாக்காளருங்களுக்கும் ஒரு வார்த்தை. உங்க உறுப்பினர் இந்தக் கமிட்டியில இருக்காரான்னு பாருங்க, இருந்தா அவரோட ஆபிசுக்கு போன் பண்ணி 2013 தீர்ப்புக்கு பதில் சூத்திரம் பத்தி உங்க நிலைப்பாடு என்னன்னு கேளுங்க, மழுப்புனா மறுபடியும் கூப்பிடுங்க.

உறுப்பினர்களே, பதிலை எழுத்துல எதிர்பாக்கறேன்.

இப்படிக்கு,
ஓஹியோ வாக்காளர் ஒருத்தன்